எழுபத்தைந்தாவது கல்

சந்தேகப்படுவதுதான் என் உத்தியோகம். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை அளவு எக்கச்சக்கமாகக் காட்டினால் அதை அப்படியே அச்சடித்துக் கையில் கொடுத்துவிட மாட்டோம். ரத்தம் எடுத்த குழாய் சரியானதா, பெயர்ச்சீட்டு மாறிப்போயிருக்குமா, காலையில் மெஷினைச் சரிபார்த்தோமா, நானே எங்காவது கை தவறினேனா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில்தான் அந்த மனிதரின் உடம்புக்கு வருவோம். இந்த வரிசையில் எனக்கு நல்ல பேர் உண்டு. வீட்டில் மட்டும் இதைத் தலைகீழாகப் பிடித்தேன்.

எங்கள் வீடு விழுப்புரத்தில். கீழே என் கொழுந்தனாரும் ஓர்ப்படியும், மேலே நானும் என் கணவரும். மாடி கட்டியபோது வாசலில் கொட்டிய ஆற்று மணலைக் கொத்தனார்கள் சலித்தார்கள். சல்லடையில் தங்கிய கூழாங்கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். வெங்கச்சாங்கல், செம்மண் நிறத்தில் சில, கல்லீரல் நிறத்தில் சில, நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய கறுப்புக் கற்கள் என்று கலவையாகக் கிடந்தன. தண்ணீர் தெளித்தால் மட்டும் நிறம் தெரிந்தது, காய்ந்தால் எல்லாம் சாம்பலாகிவிட்டது. ஒரு பெயிண்ட் வாளி நிறையப் பொறுக்கி வைத்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. நனைந்தபோது தெரியும் நிறம் நனையாமலே தெரிய வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து அதற்கு ஒரு வழி கிடைத்தது. புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டம்மா ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் கல்லுக்குப் பாலிஷ் போடும் மெஷின் ஒன்று இருந்தது. பார்த்தால் மூடி போட்ட கேக் அச்சு மாதிரி. நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் வட்டமான கிண்ணம், அடியில் ஸ்பிரிங்குகள், அதற்கும் கீழே மோட்டார். மோட்டாரில் ஒரு பக்கமாகக் கனம் கட்டியிருப்பதால் அது சுற்றும்போது கிண்ணம் முழுக்க நடுங்கும். அந்த நடுக்கத்தில் உள்ளே இருக்கும் கற்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே மெல்ல மெல்லச் சுற்றி வரும்.

"இதுக்கு இன்னா பேரு?" என்றார் கணவர்.

"ராக் டம்ளர்."

"டம்ளர்னா காப்பி குடிக்கிறதாச்சே." இரண்டு சக்கர வாகனங்களுக்கு மெக்கானிக் கடை வைத்திருப்பவர். எந்த மெஷினைக் கண்டாலும் முதலில் அதன் அடியைத் தூக்கிப் பார்ப்பார். "போல்ட்டு நல்லா முடுக்கி வெச்சிக்கோ. இந்த மாதிரி உதர்ற சாமான்ல மொதல்ல லூசாவறது போல்ட்டுதான்."

அது உண்மை. முதல் ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அவர் சொன்னதுதான். மெஷினைச் சமதளத்தில், ரப்பர் விரிப்பின் மேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடந்தே போய்விடும். கிண்ணத்தைக் கிட்டத்தட்ட முழுக்க நிரப்ப வேண்டும். கல் போதாவிட்டால் பீங்கான் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். காலியாக இருந்தால் கற்கள் குதித்து மோதிச் சில்லு தெறிக்கும். முதல் சுற்றில் கல்லைத் தேய்க்கும் முரட்டுத் தூள், கழுவிவிட்டு மென்தூள், மறுபடி கழுவிவிட்டுச் சோப்புத்தூளில் கொஞ்ச நேரம், கடைசியில் வெள்ளைப் பாலிஷ் பவுடர். மேடு பள்ளமான கல்லை இந்த மெஷின் உருண்டையாக்காது. ஆறு ஏற்கெனவே உருட்டி வைத்த கல்லைத்தான் மினுக்கும். அதனால்தான் என் வாளிக்கு இது பொருந்தியது.

எல்லாவற்றையும்விடத் தொல்லை பிடித்தது தண்ணீர். கேப்பைக் கூழைத் தண்ணீர் விட்டுக் கரைத்த பதத்தில் தூள் கற்களின் மேல் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் தூள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், கற்கள் கடகடவென்று சத்தம் போடும். குறைந்தால் கெட்டியாகி ஓட்டம் நின்றுவிடும். மெஷின் நாள் முழுக்க ஓடும்போது சில மணி நேரத்துக்கு ஒரு தரம் திறந்து, ஸ்பிரே பாட்டிலால் நாலு அழுத்து தெளிக்க வேண்டும். நானோ காலை வண்டியில் திண்டிவனம் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். மத்தியானத் தண்ணீரைக் கணவர் பொறுப்பில் விட்டேன். சாப்பிட வரும்போது தெளித்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

கீழ்வீட்டில் ஓர்ப்படி தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், கண்டாச்சிபுரத்துக்காரி. என் மெஷின் வைத்த அறை அவள் சமையற்கட்டுக்கு நேர் மேலே. முதல் வாரமே வந்தாள்.

"அக்கா, மேல இன்னாத்த ஓட்டிக்கினு இருக்கீங்க? ஷெல்ஃபுல தட்டெல்லாம் ஒதறுது."

சொன்னேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. வாளியில் இருந்த சாம்பல் நிறச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. குழாயில் போய் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்து, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுவேன். இரண்டு நாள் கழித்துத் தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனபோது கடைக்கார அம்மா குரலைத் தாழ்த்தி, "வீட்லயே ரத்தம் டெஸ்ட் பண்றீங்களாமே? எனக்கும் தைராய்டு பாக்கணும், வெளிய சொல்லமாட்டேன்" என்றார். இதை யார் பரப்பியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஓர்ப்படி மீது முதல் கறுப்புப் புள்ளி அங்கே விழுந்தது.

முதல் இரண்டு முறை கற்கள் அருமையாக வந்தன. கழுவித் துண்டில் பரப்பிக் காய்ந்த பிறகும் நனைந்த மாதிரியே இருந்தன. பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே ஊசியை மறந்தார்கள்.

மூன்றாவது முறை கெட்டது. கற்களின் மேல் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள். நான்காவது முறையும் அப்படியே. நான் செய்ததில் எதையும் மாற்றவில்லை. அதே தூள், அதே அளவு, அதே நாள் கணக்கு. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் பக்கம் எல்லாம் சரி என்றால், நான் இல்லாத நேரத்தில் ஏதோ நடக்கிறது.

நான் இல்லாத நேரத்தில் வீட்டில் இருப்பவள் ஒருத்திதான்.

ரயிலில் விக்கிரவாண்டி தாண்டும்வரை இதையே நினைத்துக்கொண்டு போவேன். அவித்த வேர்க்கடலை விற்பவர் 'மல்லாட்டை, மல்லாட்டை' என்று காதருகே வந்து கத்தினாலும் காதில் விழாது. தட்டு ஒதறுகிறது என்று அவள் சொன்னது நினைவுக்கு வரும். ஒரு பிடி மணல் போதும், அள்ளிப் போட்டால் ஆறு நாள் வேலை நாசம். சண்டை போட வேண்டாம், சத்தம் போட வேண்டாம், நானே வெறுத்துப்போய் மெஷினை மூட்டை கட்டிவிடுவேன். புத்திசாலித்தனமான வழி. அவள் புத்திசாலிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது முறை கெட்டதிலிருந்தே காலையில் கிளம்புமுன் ஒரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் திறந்து பார்ப்பேன். சாப்பிட்டுவிட்டு ஒரு தரம், படுக்குமுன் ஒரு தரம். சேற்றை விரலில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்து மணல் நறநறக்கிறதா என்று பார்ப்பேன். கணவரிடம் கேட்டால், "தண்ணி தெளிச்சாச்சி, தெளிச்சாச்சி" என்பார், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஐந்தாவது முறைக்கு எழுபத்து நாலு கற்களை எண்ணிப் போட்டேன். மென்தூள் சுற்று. ஒரு நாள் காலையில் கணவரிடம், "இன்னிக்கு மத்தியானம் திறக்காதீங்க. தண்ணி கூடவே விட்டிருக்கேன், சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்று சொன்னேன். சரி என்றார். அவர் கடைக்குக் கிளம்பியதும், மூடியைப் பிடித்திருக்கும் நடு மரையின் மேலிருந்து மூடி வரைக்கும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். மரையைத் திருகினால் கோடு விலகும். கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

சாயங்காலம் கோடு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

"நீங்க திறந்தீங்களா?"

"தொடவே இல்ல. நீதான் தொடாதன்னு சொன்னியே." முகத்தில் பொய் இல்லை. எனக்கு அவர் பொய் தெரியும்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. நான் நினைத்தது சரி. மெஷினை நிறுத்தி, கற்களை வடிகட்டியில் கொட்டிக் கழுவி, துண்டில் பத்துப் பத்தாகப் பரப்பி எண்ணினேன். ஏதாவது குறையும் என்று எதிர்பார்த்தேன். எழுபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினேன். எழுபத்தைந்து.

அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மற்றதெல்லாம் ஆற்றுக் கல், வழவழப்பு. இது மலைக்கல், உடைத்து எடுத்த துண்டு. எலுமிச்சம்பழ அளவு. கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகள், விளிம்பு இன்னும் கூராக இருந்தது. ஆங்காங்கே காக்காப்பொன் செதில்கள் மின்னின. விரல் நகத்தால் சுரண்டினால் அந்தச் செதில் உதிர்ந்தது. இப்படி உதிர்கிற கல்லைப் போட்டால் மற்ற கற்கள் கீறாமல் என்ன செய்யும்?

கல்லை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கணவர் அங்கே தம்பி வீட்டில்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அன்று கீழே சப்பாத்தி. கல்லைப் பார்த்ததுமே ஓர்ப்படியின் முகம் மாறியது.

"இது யாருது?"

"என்துதாங்க்கா."

"என் மெஷின்ல எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். ரெண்டு நாள் ஆவுது. எங்கப்பா கெணறு வெட்டும்போது தண்ணி வந்த அன்னிக்கி எடுத்த கல்லுக்கா. வெடி வெச்சி ஒடச்சதுல கெடந்தது. உங்க கல்லெல்லாம் பளபளன்னு வருதே, இதயும் போட்டுப் பாக்கலாம்னு..." நிறுத்திக்கொண்டாள். "கேட்டா நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு கேக்கல."

"ரெண்டு நாள்னா? இதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி கெட்டுப்போச்சே, அது?"

"அது எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமா ஒரே ஒரு கல்லுதான்."

"பூட்டின ரூமுக்குள்ள எப்படிப் போன? சாவி ஏது?"

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டைக் குருமாவில் தொட்டு, வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஒரு கணம்தான். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா சட்டைப் பையிலேருந்து எடுத்தேன்."

திருட்டுத்தனத்தை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. தட்டு ஒதறுகிற கதை, ரத்தம் டெஸ்ட் கதை, பால் கடைக் கதை எல்லாவற்றையும் இழுத்தேன். ரத்தம் டெஸ்ட் பேச்சுக்கு அவள் திகைத்துப்போய், "நான் எங்கக்கா சொன்னேன்? அந்தப் பால்காரம்மாதான் என்ன கேட்டுச்சி" என்றாள். நான் நம்பவில்லை. கல்லை மேசையில் வைக்காமல் கையோடு மேலே கொண்டுவந்துவிட்டேன், ஏதோ தடயம் மாதிரி.

இரண்டு நாளில் அவள் கண்டாச்சிபுரம் போய்விட்டாள். அப்பாவுக்குக் கால் வீக்கம் என்று காரணம் சொன்னாள். தைக்க வந்த துணிகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனாளாம். கொழுந்தனார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சமையற்கட்டில் தட்டுகள் ஒதறுவதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

எனக்கு வெற்றி பெற்ற நிம்மதி. புதிதாக எழுபது கற்களை எடுத்து முரட்டுத் தூளில் போட்டேன். இன்னும் ஆறு நாளில் நல்ல செய்தி வரும் என்று வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் படியேறும்போதே ஏதோ குறைந்தது. சத்தம் இல்லை. மின்சாரம் இருந்தது, விளக்கு எரிந்தது. மெஷினைத் தொட்டால் கை சுட்டது. மோட்டார் பக்கமிருந்து வார்னிஷ் கருகிய வாடை. மரையைத் திருகி மூடியைத் தூக்கினேன். உள்ளே கற்கள் ஒன்றாக இறுகி, கான்கிரீட்டில் ஜல்லி பதித்த மாதிரி நின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கணவர் வந்ததும், "மத்தியானம் தண்ணி தெளிக்கலையா?" என்றேன்.

"கடையில வேலை. வர முடியல."

"இத்தனை நாளா மட்டும் எப்படி வந்தீங்க?"

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் கிரீஸ் கறை.

"நான் எங்க வந்தேன். மொத வாரம் வந்தேன். அப்பறம் மத்தியானத்துல கடைய வுட்டு வர முடியல. அவகிட்டதான் சாவி குடுத்து ஊத்தச் சொன்னேன். தெனமும் கரெக்டா பன்னண்டு மணிக்கி, அப்பறம் மூணு மணிக்கி, தையல நிறுத்திட்டு வந்து தெளிச்சிட்டுப் போவா."

"அன்னிக்கு நான் திறக்காதீங்கன்னு சொன்னேனே?"

"அவகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"நான் அவளைக் கேட்கும்போது வாய மூடிக்கினு இருந்தீங்களே!"

"நீ இருந்த கோவத்துல இன்னான்னு சொல்றது?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "அவ சொல்லிடுவான்னு நெனச்சேன். சொல்லல" என்றார்.

அவள் அதைச் சொல்லியிருந்தால் ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். சாவி மாமா கொடுத்தது என்று. சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன் என்று திருட்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். அது அவர் மானத்தைக் காப்பாற்றவா, அல்லது சொன்னாலும் நான் நம்பமாட்டேன் என்று தெரிந்தா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனாலும் என் சந்தேகம் முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் தெளித்தாள், சரி. தண்ணீரோடு வேறு எதையும் போடவில்லை என்பதற்கு என்ன சாட்சி? இரண்டு முறை கெட்டுப்போனதற்கு யார் பதில் சொல்வது? இப்படித்தான் மனசு ஓடியது.

கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, மரக்கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பிக் கற்களைப் பெயர்த்தேன். இரும்பால் குத்தினால் கிண்ணம் கிழியும். மோட்டார் வேலை கணவருக்கு ஒத்து வராது, "வயரிங்கு சமாச்சாரம் நம்மளுது இல்ல" என்று ஒதுங்கிவிட்டார். பரிசோதனை நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை ஒன்று இருக்கிறது. மெஷினை அரிசிப் பையில் போட்டு, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். எதிர் சீட்டு அம்மா பேரணி ஸ்டேஷன் வரும்வரை பையையே பார்த்துவிட்டு, "உள்ள இன்னாம்மா?" என்றார். "டம்ளர்" என்றேன். "ஒரே டம்ளரா?" என்றார். அதற்கு மேல் அவர் என்னை நம்பவில்லை. தன் பையை நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மோட்டாரைப் பிரித்தார். காயில் தப்பித்தது, விசிறி இறக்கையில் தூசி அடைத்திருந்தது, கனம் கட்டிய திருகு பாதி கழன்றிருந்தது, ஸ்பிரிங் போல்ட் ஒன்று லூசு. துடைத்து, முடுக்கி, சாயங்காலம் ஓட்டிப் பார்க்கத் தயாரானார்.

"லோடு இல்லாம ஓட்டக் கூடாது மேடம், அந்தக் கிண்ணத்தக் குடுங்க, மூடியும் போட்டுப் பாத்துரலாம்."

மூடியைப் பொருத்தும்போது நடு ஓட்டையைத் தடவிப் பார்த்தார். அங்கே தண்டைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் வாஷர் இருக்கும். அது மூடியோடு ஒட்டிய ஒரு பாகம் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பியதும் பிசின் மாதிரி உரிந்து வந்தது.

"இன்னா மேடம் இது? உள்ள சிமெண்டு அடச்சி வெச்சிருக்கீங்க?"

வாஷருக்கு அடியில் ஒரு வளையம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இறுகிய சேறு. அவர் கொஞ்சம் சுரண்டி, மேசைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் தேய்த்தார். க்ரீச்சென்றது. கண்ணாடியில் கோடு விழுந்தது. எனக்கு அந்தத் தூளை அடையாளம் தெரியும். முரட்டுத் தூள். ஒவ்வொரு முறையும் முதல் சுற்றின் நடுக்கத்தில் மேலே ஏறி ஏறி, மூன்றாவது முறைக்குள் அங்கே நிறையச் சேர்ந்து காய்ந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் மூடியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன், வாஷரைக் கழற்றியதே இல்லை.

"காஞ்சி கெடக்குற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. மூடியத் தெறந்து மூடினா உதுரும். உள்ளதான் விழும். அடிக்கடி தெறப்பீங்களோ?"

"ஒரு நாளைக்கு நாலு தரம்" என்றேன். பாலிஷ் போடும் நாட்களில்தான் இன்னும் அதிகம். அவள் ஏதாவது போட்டுவிடுவாளோ என்று காவல் காக்கத் திறந்த ஒவ்வொரு தரமும் என் கையாலேயே ஒரு சிட்டிகை முரட்டுத் தூளைப் பாலிஷில் உதிர்த்திருக்கிறேன். அவள் இரண்டு தரம் தண்ணீருக்குத் திறந்ததையும் சேர்த்துக்கொண்டு சமாதானம் தேடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காகக் கூசியது.

திரும்பும் வண்டியில் மயிலம் தாண்டியதும் அவளுக்குப் போன் போட்டேன்.

"தப்பு என்னுதும்மா. மூடிக்குள்ள பழைய தூள் ஒட்டிக்கினு இருந்துச்சு. அதுதான் கெடுத்திருக்கு. மாமாவும் சொல்லிட்டாரு. நீ தெனமும் தண்ணி ஊத்தினது எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் கோழி கத்தும் சத்தம். "சரிக்கா" என்றாள். "அப்பாவுக்குத் தைலம் தேக்கணும், வெச்சிடறேன்."

நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது திட்டு. இரண்டும் கிடைக்கவில்லை.

கணவர் சைக்கிள் டியூபில் புது வாஷர் வெட்டிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே இரண்டாகக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வாஷரைக் கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மரையின் புரிகளைத் தேய்த்து, பீங்கான் துண்டுகளைக்கூடத் தூளுக்குத் தூள் தனித்தனி டப்பாவில் வைக்கிறேன். அப்படிச் செய்து போட்ட அடுத்த முறை பாலிஷ் ஏறியது.

அதுவரை அவளுடைய மலைக்கல் ஜன்னலோரம் கிடந்தது. அதை வெறும் பீங்கான் துண்டுகளோடு தனியாகப் போட்டேன். முரட்டுத் தூளில் நான்கு நாள், பிறகு மென்தூள், பிறகு பாலிஷ். மத்தியானத் தண்ணீருக்கு இப்போது கணவரே கடையிலிருந்து வந்தார், சனிக்கிழமை மட்டும் வேலைக்குப் போகாமல் நானே உட்கார்ந்து தண்ணீர் தெளித்தேன். மத்தியானம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் எழுந்து போவது எவ்வளவு பேஜாரு என்று அன்றுதான் தெரிந்தது.

கல் மாறியிருந்தது. கூர் விளிம்புகள் மழுங்கி, கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. ஆனால் காக்காப்பொன் செதில்கள் உதிர்ந்து, அவை இருந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் குழிகள்.

கல்யாண ஜாக்கெட்டுகளை முடித்துக் கொடுக்க அவள் திரும்பி வந்தாள். மறுநாள் கீழே போய்க் கல்லைக் கொடுத்தேன். அவள் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள்.

"இது என் கல்லு இல்லக்கா."

"உன்னுதுதாம்மா. பாலிஷ் போட்டிருக்கேன்."

"என் கல்லுல மினுக்கு இருந்துச்சே. வெயில்ல வெச்சா தங்கம் மாதிரி மின்னும். இதுல எங்க?"

"அது மெல்லிசு செதிலு. உரசும்போது உதுந்துடும். பாரு, குழி இருக்கு பாரு, அங்கதான் இருந்துச்சு."

"எல்லாக் கல்லுலயும் குழி இருக்கும். என்து கெட்டுப்போச்சின்னு வேற கல்லு வாங்கியாந்து குடுக்கறீங்களா?"

"நான் எதுக்கும்மா அப்படிச் செய்யப்போறேன்? நான் சொல்றேன் இல்ல?"

அவள் முதல் முறையாக நேராக நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னப்ப நீங்க நம்புனீங்களாக்கா?"

பெயர்ச்சீட்டு ஒட்டாத குழாயைக் குப்பையில் போடுகிறவள் நான். மெஷினில் போடுமுன் அவள் கல்லை ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோன்றவில்லை. என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவள் கல்லைத் துணி வெட்டும் மேசையில் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நான் மேலே வந்தேன்.

அடுத்த வாரம் அவள் கண்டாச்சிபுரம் போகும்போது அந்தக் கல்லையும் எடுத்துப் போனதாகக் கொழுந்தனார் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள். மத்தியானம் படியேறி வரும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றாள். முந்தானையில் எதையோ முடிந்திருந்தாள்.

"அப்பாகிட்ட காட்டுனேங்க்கா. தண்ணியில முக்கிப் பாத்தாரு. நம்ம கெணத்துக் கல்லுதான்னு சொல்றாரு."

"அதான் சொன்னேனே."

"ஆனா அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றாள்.

முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அதே மாதிரி இன்னொரு மலைக்கல். அது ஈரமாக இருந்தது, காக்காப்பொன் மின்னியது. "இத இப்ப நான் பாக்கவே போடுங்க" என்றாள். போட்டேன். மூடியை நான் முடுக்கியதும் அவள் கையால் இன்னொரு முறை முடுக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, எவ்வளவு தண்ணி, எப்ப தெளிக்கணும், இந்தத் தூளு எங்க வாங்கினது, அது நெஜமாவே வெள்ளப் பவுடர்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.